யானை இப்படிச் சிரிக்காது டீச்சர்

புத்தகத் திருவிழாவில் சிறுவர் நூல் கடை முன்னால் ஒருத்தி உதடு அசைய நின்றுகொண்டிருந்தால் அது அநேகமாக நானாகத்தான் இருக்கும். தருமபுரியில் தகடூர் புத்தகப் பேரவை நடத்தும் திருவிழாவானாலும் சரி, ஓசூரில் நடப்பதானாலும் சரி, ஒன்றாம் வகுப்புக்கு வாங்குகிற புத்தகத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் பில் போடச் சொல்வதில்லை. "பையில போட்டுரட்டுமா மேடம்?" என்று கடைப் பையன் கேட்பான். "இருப்பா, ரெண்டு பக்கம் படிச்சுக்கிறேன்" என்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கண்ணால் படிக்கும்போது நன்றாக இருக்கிற வாக்கியம் பல நேரம் வாயில் இடறும். "அவ்வூரிலிருந்தவர்களெல்லாம் ஒன்றுகூடிப் பேசலானார்கள்" என்று ஒரு வரி இருந்தால் நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு அந்த முதல் சொல்லைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். அதையே "அந்த ஊரில் இருந்த எல்லோரும் கூடிப் பேசினார்கள்" என்று பிரித்துப் போட்டிருந்தால் அதே பிள்ளை தட்டுத்தடுமாறியாவது கரை சேர்ந்துவிடும். சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நான் தருமபுரிக்காரி. வேலை பார்ப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற பக்கம், காட்டை ஒட்டிய ஓர் ஈராசிரியர் பள்ளியில். 2004-ல் இரண்டு மாவட்டமாகப் பிரிந்தாலும் எங்களுக்கு எல்லாம் ஒரே சீமைதான். ஆனால் பிள்ளைகளின் வீட்டு மொழி மட்டும் வேறு. என் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, சில பிள்ளைகளுக்குக் கன்னடம், மீதிப் பேருக்குத் தமிழ். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். இந்த நிலவரத்தில் புத்தகம் தேர்ந்தெடுத்துப் பழகியதில் எனக்குப் பிடிபட்ட சிலவற்றைத்தான் எழுதுகிறேன். டவுன் பள்ளிக்கு இது அப்படியே பொருந்தாமல் போகலாம்.

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பல ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். அங்கே கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை, அதற்கு மேல் போனால் நான்காவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பித் தமிழ்க் கதையை எடுக்க முடியாது. நம் மொழியில் ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு சொல் ஒட்டி உட்கார்ந்திருக்கும். முதல் நிலை என்று போட்டிருந்தாலும், பக்கத்துக்கு இரண்டு மூன்று நீளச் சொற்கள் வந்தால் அதை நான் படித்துக் காட்டும் அடுக்கில் வைப்பேன். பிள்ளைகள் தாமாகப் படிக்கும் அடுக்குக்கு அனுப்ப மாட்டேன். இந்த இரண்டு அடுக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. படித்துக் காட்டும் கதை எவ்வளவு பெரிதாகவும், சொல் எவ்வளவு புதிதாகவும் இருக்கலாம். கேட்கிற காது எப்போதுமே படிக்கிற கண்ணைவிட இரண்டு வகுப்பு மேலே படித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் அச்சு. சில எழுத்துருக்களில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். பெரியவர்கள் சூழலை வைத்துப் படித்துவிடுவோம், பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்திருந்தால், அதுவும் கருநீல வானத்தில் கறுப்பு எழுத்தாக இருந்தால், புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். நடு மடிப்புக்குள் எழுத்து போய் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின் அடித்த புத்தகம் ஒரு மழைக்காலம் போனால் துரு ஏறிவிடும், ஆனால் விலை குறைவு என்பதால் அதைத்தான் அதிகம் வாங்குகிறோம்.

படம் எனக்கு எழுத்தைவிட முக்கியம். எழுத்தில் உள்ளதையே படம் திருப்பிச் சொன்னால் அது வெறும் அலங்காரம். எழுத்து சொல்லாத ஒன்று படத்தில் இருக்க வேண்டும். கதை பாட்டியைப் பற்றியதாக இருக்கும், படத்தின் மூலையில் ஒரு பூனை ஒவ்வொரு பக்கமாக மீனை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். படிக்கத் தெரியாத பிள்ளைதான் அந்தப் பூனையை முதலில் கண்டுபிடிக்கும். படிக்கத் தெரிந்தவன் வரியில் மூழ்கியிருப்பான். வகுப்பில் எப்போதும் பின்தங்கியே இருக்கும் பிள்ளை "டீச்சர், பூனை! பூனை!" என்று முந்திக்கொண்டு கத்துகிற அந்த நேரத்துக்காகவே சில புத்தகங்களை வாங்கலாம்.

எதை வாங்க மாட்டேன் என்று கேட்டால் பெரிய பட்டியலே உண்டு. திருடன் என்றால் கறுப்பாகவும் ராஜகுமாரி என்றால் வெளுப்பாகவும் வரைந்தவை. அம்மா என்றால் அடுப்பங்கரை, அப்பா என்றால் பேப்பரும் நாற்காலியும் என்று இருப்பவை. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் தக்காளி பறிக்கப் போகிறார்கள், பெங்களூரில் சித்தாள் வேலை பார்க்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் இருக்க, அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. அவர்கள் முன்னால் இரவு முத்தம் கொடுத்துத் தூங்க வைக்கும் அப்பா அம்மா கதையைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. படிக்கலாம். ஆனால் அதே வாரத்தில் பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொள்கிற ஒரு கதையும் கையில் இருக்க வேண்டும்.

நீதிக் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "இக்கதையால் நாம் அறியும் நீதி" என்ற கடைசி வரியை நான் படிப்பதே இல்லை. படித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு நீதியை மட்டும் கூட்டாகக் கத்தக் கற்றுக்கொள்வார்கள். எந்தக் கதைக்கும் "பொய் சொல்லக் கூடாது!" என்று ஒரு குரல் கட்டாயம் வரும், கதையில் பொய்யே இல்லாவிட்டாலும். வரியை ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டால் போதும், நல்ல கதையாக இருந்தால் அது தானே நிற்கும். ஒட்டிய பிறகு நிற்காத கதைகளை வகுப்பிலிருந்தே எடுத்துவிட்டேன்.

யானைக் கதைகள் எங்கள் ஊரில் எடுபடுவதே தனி விதம்.

கார்த்திகை, மார்கழியில் ராகி முற்றும் நேரத்தில் கர்நாடகத்துப் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்துவிடும். அந்த நாட்களில் ஊரில் பாதி வீடு ராத்திரியில் கொல்லையில்தான் (வயலைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்). பரண் மேல் காவல், டார்ச், தகர டின், பட்டாசு. பெரிய பிள்ளைகளும் கூடப் போவார்கள். மறுநாள் காலை வகுப்பில் கொட்டாவியாக வரும். காலை உணவு சாப்பிட்டதும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவார்கள். நான் எழுப்புவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு மார்கழியில்தான் அந்தப் படப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். நகரத்தில் இருந்துகொண்டு எழுதிய கதை என்பது பார்த்ததுமே தெரியும். குண்டு யானை, நீல நிறம், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கும். நாலாவது பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பயல் ஒருவன் எழுந்து நின்றான்.

"யானை இப்படிச் சிரிக்காது டீச்சர்."

"அப்ப எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான் கேட்டேன். கதை அங்கேயே நின்றது. ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "காது ஆடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் இல்ல டீச்சர். ஆடுறது நின்னுச்சுன்னா நம்மளக் கவனிக்குதுன்னு அர்த்தம்." "வாலைத் தூக்குச்சுன்னா ஓடிரணும்." "கொம்பு இல்லன்னா பொட்டைன்னு நெனைக்கக் கூடாது டீச்சர், மக்னாவா இருக்கும், அதுக்குத்தான் கோவம் அதிகம்னு எங்க மாமா சொல்லும்." வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை, எழுந்து நின்று கையால் செய்து காட்டினாள்: ராகித் தூரை யானை தும்பிக்கையால் சுற்றிப் பிடுங்கும், முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறும், அப்புறம்தான் வாயில் வைக்கும். மண்ணோடு தின்னாதாம். தன் முழங்காலில் கையைத் தட்டித் தட்டி அவள் காட்டியதை அன்று வகுப்பே செய்து பார்த்தது.

மறுநாள் அதையே புத்தகமாக்கினோம். சார்ட் அட்டையை நாலாக மடித்து வெட்டி, கோணி ஊசியும் நூலும் வைத்து நடுவில் தைத்தேன். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வாக்கியம். வாக்கியத்தைப் பிள்ளை சொல்லும், நான் எழுதுவேன். இங்கே ஒரு கேள்வி வரும். "தட்டிட்டுத் திங்கும்" என்று பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுவதா, "தட்டிவிட்டுத் தின்னும்" என்று திருத்தி எழுதுவதா? பிள்ளைகள் சொல்லும் புத்தகத்தில் நான் திருத்துவதில்லை. தான் சொன்னதே தாளில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டாமலே அந்த வரியைப் 'படித்து'விடும். பிறகு மெல்ல எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடும். எழுத்து வழக்கைப் பாடப் புத்தகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறது. இதை ஏற்காத ஆசிரியர்கள் உண்டு, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

தலைப்பு வைப்பதில்தான் சண்டை வந்தது. பயல்கள் 'ராகித் திருடன்' என்றார்கள். முழங்காலில் தட்டிக் காட்டிய அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது திருடல, அதுக்குப் பசி" என்றாள். அவள் வீட்டுக் கொல்லையில்தான் அந்த வருஷம் பாதி ராகி போயிருந்தது. ஓட்டெடுப்பு எல்லாம் நடத்திப் பார்த்தோம், தீரவில்லை. கடைசியில் முன் அட்டையில் 'ராகித் திருடன்', பின் அட்டையில் 'பசிச்ச யானை' என்று இரண்டு தலைப்பு. வகுப்பில் புத்தகங்களை மாட்டும் கயிற்றில் தொங்கவிடும்போது யார் எந்தப் பக்கத்தை வெளியே காட்டித் தொங்கவிடுகிறார்கள் என்பதில் இன்னும் போட்டிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நீல யானைப் புத்தகமும் இன்றுவரை கயிற்றில் இருக்கிறது. பிழையான புத்தகம் என்று நான் தூக்கிப் போடவில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் குற்றம் கண்டுபிடிப்பது எங்கள் பள்ளியில் ஒரு விளையாட்டு. அச்சில் வந்ததையும் கேள்வி கேட்கலாம் என்பதைப் பாடமாக எடுத்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. ஆகவே, பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிய புத்தகத்தை வருஷத்துக்கு ஒன்றாவது தேடிப் பிடியுங்கள். உங்கள் ஊரில் அது யானையாக இருக்காது. நெசவாக இருக்கலாம், மாங்கூழ் ஆலையாக இருக்கலாம், எருது விடும் விழாவாக இருக்கலாம்.

இதைச் சொன்னதும் 'நம் ஊர்க் கதை மட்டும் போதும்' என்ற கட்சிக்கு என்னை யாரும் சேர்த்துவிட வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் கடல் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கடல் கதை படித்தபோது "கே.ஆர்.பி. டேம் மாதிரியா டீச்சர்?" என்று கேட்டார்கள். "டேமுக்கு எதிர்க்கரை தெரியும்ல? இதுக்குத் தெரியாது" என்றேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் புத்தகத்துக்குத்தான் கிராக்கி. தெரிந்ததும் வேண்டும், தெரியாததும் வேண்டும். எது எந்த நேரத்தில் என்பதைத்தான் ஆசிரியர் பார்க்க வேண்டும்.

வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கு முதல் மாதங்களில் எனக்குக் கைகொடுப்பவை எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள். தமிழில் அவை குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் எழுத்தே இல்லாதபோது எந்த மொழிப் பதிப்பகத்தில் வாங்கினால் என்ன? ஒரு பிள்ளை தெலுங்கில் படம் பார்த்துக் கதை சொல்லும், இன்னொன்று அதையே கன்னடத்தில் மறுக்கும், தமிழ் பேசும் பிள்ளை நடுவில் பஞ்சாயத்துக்கு வரும். எனக்குத் தெலுங்கு அரைகுறை. அது நல்லதற்குத்தான், நான் தப்பாகப் பேசும்போது திருத்துவதில் அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம். பள்ளிக்கு வந்து முதன்முதலில் வாய் திறப்பதே டீச்சரைத் திருத்துவதற்காக என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும்? இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு அதே படங்களுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பிப்பேன். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிது, பயம் இருக்காது. துளிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே கதையைப் பல மொழிகளில் கொண்டுவருகின்றன. கன்னடம் படிக்கத் தெரிந்த தாத்தாவோ அவ்வாவோ இருக்கும் வீட்டுக்குக் கன்னடப் பதிப்பு போகும், பிள்ளை கையில் தமிழ்ப் பதிப்பு இருக்கும். எல்லா வீட்டிலும் இது நடக்காது. நடக்கும் வீட்டில் அந்தப் பெரியவர் மறுவாரம் பள்ளிக்கே வந்துவிடுவார்.

படித்துக் காட்டும் முறை என்று எனக்குப் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. முதல் தடவை நடுவில் கேள்வியே கேட்க மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி "இது என்ன? அது என்ன?" என்று கேட்டால் கதை ஓடாது. தரையில் அரை வட்டமாக உட்கார வைத்து, நான் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தோளுக்கு அருகில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்வேன். மடியில் வைத்துப் படித்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. இரண்டாம் தடவை திரும்பத் திரும்ப வரும் வரியை அவர்களே சொல்வார்கள். மூன்றாம் தடவை புத்தகம் என் கையில் இருக்காது. முடிந்ததும் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போலாம்?" பிள்ளைகள் காட்டுகிற பக்கம் பெரும்பாலும் நான் முக்கியம் என்று நினைத்த பக்கமாக இருக்காது.

நிலை பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை மூன்று நிலையாகப் பார்க்கிறோம். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த கதைப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகை. ஆசிரியருக்கு இவை பயன்படும், எனக்கும் பயன்படுகின்றன. ஆனால் எந்தப் பிள்ளை எந்த நிலை என்பது பிள்ளைகளின் காதுக்குப் போகக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எழுத்தே சரியாகக் கூட்ட வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தேவை பக்கத்துக்கு ஒரு வரி இருக்கும் மெல்லிய புத்தகம். அதை அவன் கையில் கொடுத்தால் வாங்க மாட்டான். மீசை அரும்பப் போகிற வயதில் ஒன்றாங்கிளாஸ் புத்தகத்தோடு யார் முன்னால் உட்காருவான்? தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பான்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, பெரிய வகுப்புப் பிள்ளைகளைச் சின்ன வகுப்புக்குப் படித்துக் காட்ட அனுப்புவது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. "நாளைக்கு நீ ஒண்ணாங்கிளாசுக்குப் படிச்சுக் காட்டணும், இந்தப் புத்தகத்தை வீட்டுல நல்லா பார்த்துட்டு வா" என்று வியாழக்கிழமையே கொடுத்துவிடுவோம். இப்போது மெல்லிய புத்தகம் கையில் இருப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. ராத்திரி நாலு தடவையாவது படித்திருப்பான், தம்பியை உட்கார வைத்து ஒத்திகை பார்த்திருப்பான். வெள்ளிக்கிழமை அவன் படிக்கும்போது எங்கேயாவது தடுமாறினாலும் ஒன்றாம் வகுப்புக்குத் தெரியாது. அவர்களுக்கு அவன் அண்ணன், பெரிய ஆள். சின்னவர்கள் "அண்ணா, இன்னொரு தடவை" என்று கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த இன்னொரு தடவையில்தான் அவனுக்குச் சரளம் வருகிறது. நாலு, ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு வராத பிள்ளைகளுக்கு நான் பார்த்த வழிகளிலேயே செலவில்லாததும் பலன் தருவதும் இதுதான்.

இனி பீரோ விஷயம். அரசுப் பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. புத்தகப் பூங்கொத்து என்ற பழைய திட்டத்தின் காலத்திலிருந்து வந்தவை, நூலக நிதியில் வாங்கியவை, யாரோ நன்கொடையாகத் தந்தவை என்று நிறைய உண்டு. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலகத்துக்கு ஒதுக்க இடமிருக்கிறது. பிரச்சினை, அவை பூட்டுக்குள் இருப்பது. எங்கள் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்றால் அவருக்கும் பயம்தான். "டீச்சர், கிழிஞ்சா யார் பதில் சொல்றது?" என்பார். அவர் பயம் நியாயமில்லாதது என்று சொல்ல மாட்டேன். கணக்கு கேட்கும்போது கிழிந்த புத்தகத்தைத்தான் கேட்பார்கள், படித்த பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

இதைப் பேசித் தீர்ப்பதைவிட எழுதித் தீர்ப்பது சுலபம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம்: வகுப்பறையில் திறந்து வைக்கும் புத்தகங்கள் பயன்பாட்டில் சேதமாகலாம், அவற்றை ஆண்டு இறுதியில் குழு பார்த்துக் குறித்துக்கொள்ளும் என்று. பதிவேட்டில் 'வகுப்பறைப் பயன்பாடு' என்று ஒரு பத்தி சேர்த்தோம். பெற்றோர் கையெழுத்து இருக்கிறது. அதன் பிறகு சார் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் தொங்கும் புத்தகங்களைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தபோது, தீர்மான நோட்டை எடுத்துக் காட்டியதும் சார்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைப்பதில்லை. பிள்ளைகளின் மார்பு உயரத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு, துணிக்கு மாட்டும் கிளிப், அட்டை முன்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு பதினைந்து புத்தகம். திங்கட்கிழமை தோறும் நாலைந்தை மாற்றுவோம். முதுகு மட்டும் தெரியும்படி அலமாரியில் அடுக்கினால் படிக்கத் தெரியாத பிள்ளை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்? கூடவே ஒரு கொக்கியில் துளிர், தும்பி, பள்ளிக்கே வரும் ஊஞ்சல் இதழ்கள். தும்பி எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கொண்டுவந்தது. சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் புளியானூரில் இருக்கிற குக்கூ காட்டுப்பள்ளிதான் அதற்கு வீடு. பழைய இதழ்களுக்கு வயதே ஆவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோகும் புத்தகத்துக்கு ஒரு மஞ்சப்பை. பையில் பிள்ளையின் அடையாளமாக ஒரு படம்: எழுதத் தெரியாதவர்களுக்கு இலை, மீன், சக்கரம் என்று. பதிவேட்டிலும் அதே படத்தைத்தான் போட்டுக் கையெழுத்து. ஒரு புத்தகத்தின் மூலையை ஆடு தின்றது. ஒன்றில் ராகி மாவு விரல்கள் பதிந்து வந்தன. களி கிண்டும்போது அவ்வாவுக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அபராதம், திட்டு எதுவும் கிடையாது. ஒரு தடவை திட்டினால் அந்தப் பிள்ளை மட்டும் இல்லை, வகுப்பே புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடும்.

கிழிந்ததை ஒட்ட செல்லோ டேப் வேண்டாம். ஒரு வருஷத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், உரித்தால் எழுத்தோடு வரும். மெல்லிய வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி பெவிகாலில் ஒட்டினால் நிற்கும். மைதாப் பசை மலிவு, ஆனால் பூச்சியும் எலியும் தேடி வரும். பைண்டிங் செய்பவர்கள் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். முதுகுக்குப் புத்தகம் வாங்கிய அன்றே பைண்டிங் டேப் போட்டுவிடுங்கள். ஸ்டோரிவீவர் கதைகளைத் திறந்த உரிமத்தில் தருகிறார்கள், எழுதியவர், வரைந்தவர் பெயரோடு நாமே அச்செடுத்துக்கொள்ளலாம். கலர் பிரிண்ட் கட்டுப்படியாகாதபோது கறுப்பு வெள்ளையில் எடுத்து, வண்ணத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறோம்.

ஏப்ரல் கடைசியில் கயிறு காலியாகிவிடும். விடுமுறைக்கு ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புகிறோம். சில பிள்ளைகள் மாந்தோப்புக் காவலுக்குப் போகும் தாத்தாவோடு போவார்கள், சிலர் அப்பா அம்மாவைப் பார்க்க பெங்களூர் போவார்கள். ஜூனில் எல்லாம் திரும்பி வராது. வராதவற்றின் பட்டியலை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன், அடுத்த திருவிழாவில் முதலில் வாங்குவது அவற்றைத்தான். போன வருஷப் பட்டியலில் கடல் புத்தகம் இருந்தது, பூனை மீனைத் தேடிப் போகும் புத்தகம் இருந்தது, டிராக்டர் பற்றிய ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. இந்த மூன்றையும் இந்தத் தடவை இரண்டிரண்டு பிரதியாக வாங்கச் சொல்லி சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.